முள்ளெலும்பிடைத் தட்டு மீளுருவாக்க மருத்துவம்

முள்ளெலும்பிடைத் தட்டு மீளுருவாக்க மருத்துவம் என்பது, தேய்ந்த அல்லது காயமுற்ற முதுகெலும்புத் தட்டினுள் உயிரணுக்களையோ வளர்ச்சிக் காரணிகளையோ ஊசி மூலம் செலுத்தி, அறுவை சிகிச்சையின்றி அதனைச் சீராக்க முயலும் மருத்துவத் துறை ஆகும். பேச்சு வழக்கில் இத்தட்டு 'டிஸ்க்' அல்லது 'ஜவ்வு' எனப்படுகிறது. செலுத்தப்படும் உயிரணுக்கள் தட்டினுள் உயிர்வாழப் போதிய ஊட்டம் கிடைக்குமா என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும். இதனைப் புரிந்துகொள்வதில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் நடைபெற்ற ஆய்வுகளுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு.

தட்டின் அமைப்பும் ஊட்டமும்

மனித முதுகெலும்பில் பொதுவாக 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் செறிந்த கூழ்மையமும், அதனைச் சுற்றி உறுதியான நார்வளையமும் அமைந்துள்ளன. மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்பாலான முனைத்தட்டுகள் உள்ளன.

வளர்ந்தவர்களின் தட்டில், நார்வளையத்தின் வெளி ஓரம் தவிர வேறெங்கும் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே ஆக்சிசனும் குளுக்கோசும் முள்ளெலும்பின் இரத்தக் குழாய்களிலிருந்து முனைத்தட்டு வழியாக ஊடுபரவியே கூழ்மையத்தை அடைகின்றன. கழிவுகளும் இவ்வழியாகவே வெளியேறுகின்றன. தோல் அல்லது தசையில் ஏற்படும் காயத்தைப் போலத் தட்டுக் காயம் எளிதில் ஆறாமைக்கு இதுவே முக்கியக் காரணம்.

கோயம்புத்தூர் ஆய்வுகள்

கங்கா மருத்துவமனை 1978 இல் தொடங்கப்பட்டது. அங்கு முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவரது குழுவினரும், நிறமூட்டும் மருந்தை இரத்தத்தில் செலுத்தி, 24 மணி நேரம் வரை தொடர்ச்சியாக எம். ஆர். ஐ. படங்கள் எடுத்தனர். அம்மருந்து முள்ளெலும்பில் சில நிமிடங்களிலேயே உச்ச அளவை எட்டியது. ஆனால் தட்டின் நடுப்பகுதியில் உச்ச அளவை எட்ட ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது. முனைத்தட்டில் சிதைவு இருந்தபோது ஊடுபரவலின் போக்கு மாறியது. 2004 இல் வெளியான இவ்வாய்வு, பன்னாட்டு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக் கழகத்தின் பரிசைப் பெற்றது.

நிமோடிபின் என்னும் மாத்திரையால் இவ்வூடுபரவலைக் கூட்ட இயலுமா என்பதை ஆராய்ந்த கட்டுரையை இக்குழு 2008 இல் வெளியிட்டது. முனைத்தட்டுச் சிதைவை மதிப்பெண் இட்டு அளக்கும் முறையையும் இக்குழு உருவாக்கியது.

சிகிச்சை முறைகளும் சோதனை முடிவுகளும்

* தட்டணு செறிந்த இரத்த நீர்மம்: நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் மிகுந்த பகுதி தட்டினுள் செலுத்தப்படுகிறது. 2016 இல் அமெரிக்காவில் 47 பேரிடம் நடந்த சோதனையில் 8 வாரங்களில் முன்னேற்றம் காணப்பட்டது. எனினும் இது சிறிய சோதனையாகும்.
* குருத்தணுச் சிகிச்சை: எலும்பு மச்சை முதலியவற்றிலிருந்து பெறப்படும் குருத்தணுக்கள் செலுத்தப்படுகின்றன. மெசோபிளாசுட்டு நிறுவனம் 404 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2021 இல் வெளியாயின. சோதனையின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. வலிக் குறைவில் சில நன்மைகள் தென்பட்டதால் மற்றொரு சோதனை தொடங்கப்பட்டது.

மேற்கூறிய ஊட்டச் சிக்கல் இம்முடிவுகளை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மிகவும் தேய்ந்த தட்டில் ஊட்டம் குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருக்கும். இருக்கும் உயிரணுக்களே வாழ இயலாத அவ்விடத்தில் புதியவற்றைச் சேர்த்தால், கிடைக்கும் ஊட்டத்துக்கான போட்டியே கூடும். எனவே முனைத்தட்டு ஓரளவேனும் நலமாக உள்ள தொடக்க நிலைத் தேய்வே இச்சிகிச்சைக்கு ஏற்றது எனக் கருதப்படுகிறது.

இந்தியாவில் சட்ட நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட இரத்தக் குருத்தணு மாற்றம் தவிர, குருத்தணுக்களை ஒப்புதல் பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே நோயாளிகளுக்கு அளிப்பது நெறிக்குப் புறம்பானது. 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள், குருத்தணுவிலிருந்து பெறப்படும் பொருள்களைப் புதிய மருந்துகளாக வகைப்படுத்தின. 2022 இல் பெங்களூரின் இசுடெம்பியூட்டிக்சு நிறுவனத்தின் குருத்தணு மருந்து முழங்கால் மூட்டுத் தேய்வுக்கென ஒப்புதலுடன் விற்பனைக்கு வந்தது. இவ்வொப்புதல் முழங்காலுக்கு உரியது. முதுகெலும்புத் தட்டுக்கு அன்று.

ஒப்புதல் பெற்ற சோதனையில் பங்கேற்போருக்கு அதன் தன்மையும் தீங்குகளும் எழுத்து மூலம் விளக்கப்பட வேண்டும். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் மருத்துவமும் இழப்பீடும் பெற அவர்களுக்கு உரிமை உண்டு.

வழக்கமான மருத்துவம்

தட்டுப் பிதுக்கம் பலரிடம் சில மாதங்களில் தானாகவே சுருங்குகிறது. இயன்ற அளவு நடமாட்டம், இயன்முறைப் பயிற்சி, வலி நிவாரணிகள் ஆகியவையே முதல் நிலைச் சிகிச்சைகளாகும். சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வின்மை, கால்களில் கூடிவரும் வலுவின்மை ஆகியவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனையை நாட வேண்டும். இந்நிலையில் அறுவை சிகிச்சை தாமதமானால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். ஊசிச் சிகிச்சைகள் இதற்கு மாற்று ஆகா.