இரும்புக் குழாயின் ஐந்து இறக்கங்கள்

1955 மே மாதம் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷென் நகரில், டால்புஷ் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மூன்று பேர் இடிபாட்டில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை எட்டக் குறுகலான ஒரு துளைதான் போட முடிந்தது. வழக்கமான கூண்டு எதுவும் அதில் நுழையாது. எபர்ஹார்ட் ஆவ் என்ற பொறியாளர் இரும்புத் தகட்டில் ஒரு குழாய் செய்ய வைத்தார். நீளம் இரண்டரை மீட்டர், விட்டம் 38.5 சென்டிமீட்டர். தோளைக் குறுக்கிக்கொண்டு ஒருவர் நிற்கலாம், அவ்வளவுதான். மூவரும் அதிலேறி வெளியே வந்தார்கள்.

ஆவ் காப்புரிமை கேட்கவில்லை. ஆட்கள் பிழைத்து வந்தால் போதும் என்றுவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்காமல் எந்தப் பட்டறையிலும் இதை அடித்துக்கொள்ளலாம் என்று ஆனதற்கு அந்த மனசே காரணம்.

'டால்புஷ் குண்டு' என்று பெயர் பெற்ற அந்தக் குழாய் பின்னர் ஜெர்மனியிலேயே லெங்கெடே இரும்புச் சுரங்கத்துக்கும் போனது. 1963 அக்டோபர் 24 அன்று அங்கே சேற்றுக் குளம் உடைந்து சுரங்கத்துக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் 129 பேர். நவம்பர் 1 அன்று மூவரைக் குழாய் மேலே கொண்டுவந்தது. இனி உயிரோடு யாரும் இருக்க மாட்டார்கள் என்று மேலிடம் கை கழுவும் நிலைக்கு வந்துவிட்டது. சுரங்கத்தை நன்கறிந்த தொழிலாளர்கள் விடவில்லை. கைவிட்ட பழைய வெட்டுக்குள் சிலர் ஏறியிருப்பார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். அந்த இடத்தில் துளை போட்டதும் கீழிருந்து பதில் வந்தது. விபத்து நடந்து பதினான்காம் நாள், நவம்பர் 7 அன்று, பதினோரு பேர் மேலே வந்தார்கள். 29 பேர் மாண்டார்கள். குழாயைவிட, தன் முடிவை மாற்றிக்கொண்ட மேலிடத்தைத்தான் நான் இங்கே மெச்சுவேன். நெருக்கடியில் அதிகாரிகளுக்கு அது லேசில் வராது.

மூன்றாவது இறக்கம் நம் நாட்டில். 1989 நவம்பர் 13, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் வட்டாரம், மகாவீர் நிலக்கரிச் சுரங்கம். வெள்ளம் புகுந்து 71 பேர் மாட்டிக்கொண்டார்கள், அவர்களில் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். மீதி 65 பேருக்காக மேலிருந்து துளை போட்டார்கள், உள்ளூரிலேயே ஓர் இரும்புக் கூண்டைச் செய்தார்கள். கிணற்றில் வாளி விடுவதுபோல அதைக் கம்பிவடத்தில் இறக்கிவிட்டால் போதாதா? போதாது. மூன்று நாள் இருட்டில் நின்ற 65 பேருக்கு நடுவே ஒரே ஒரு இடம் வந்து இறங்குகிறது. யார் முதலில்? கதவைச் சாத்துவது யார்? இழுக்கலாம் என்று மேலே சைகை கொடுப்பது யார்? பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே அதில் ஏறிக் கீழே போனார். மீட்புப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி மேலே நிற்பதுதானே முறை என்று வாதாடலாம். ஆனால் அன்று முடிவெடுக்க வேண்டிய இடம் கீழேதான் இருந்தது. ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பி, 65 பேரும் கரையேற வழி செய்தார். 1991-இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்கம் அணிவித்தார்.

2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் இதே மாதிரி ஒரு கூண்டு ஒன்பது பேரைத் தூக்கிவந்தது.

சிலியில் 2010-இல் இறங்கிய 'ஃபீனிக்ஸ்' கூண்டு டால்புஷ் குண்டின் பேரப்பிள்ளை. சான் ஹோசே சுரங்கம் ஆகஸ்ட் 5 அன்று இடிந்தது. 33 பேர் உயிரோடிருப்பது பதினேழு நாள் கழித்தே தெரிந்தது. சுரங்கத்தின் வரைபடங்களை நம்ப முடியாத நிலையில், அரசுச் சுரங்க நிறுவனமான கோடெல்கோவிலிருந்து வந்த ஆந்த்ரே சூகரெட் ஒரே வழியில் எல்லாவற்றையும் பணயம் வைக்கவில்லை. மூன்று துளையிடும் எந்திரங்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டார். இரண்டாவது எந்திரம் முந்திக்கொண்டது. கூண்டைக் கட்டியது சிலி கடற்படையின் கப்பல் தளம், யோசனை சொன்னவர்களில் நாசாவும் உண்டு. பக்கவாட்டில் சக்கரங்கள், உள்ளே பிராணவாயு, பேசுவதற்குக் கருவி என ஆவ் கனவிலும் காணாத வசதிகள்.

அக்டோபர் 12 இரவு முதலில் இறங்கியவர் மீட்பர் மனுவேல் கொன்சாலெஸ். வரிசை முன்பே முடிவாகியிருந்தது: வழியில் கோளாறு வந்தால் சமாளிக்கத் தெரிந்த திடமானவர்கள் முதலில், நோயாளிகள் அடுத்து, தாங்கக்கூடியவர்கள் பிறகு. 33 பேரில் கடைசியாக ஏறியவர் ஷிஃப்ட் தலைவர் லூயிஸ் உர்சுவா. மீட்பர்கள் அவருக்கும் பின்னால், கொன்சாலெஸ் எல்லோருக்கும் கடைசி. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். போகப் போகக் கை பழகிவிட்டது. ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்று நினைத்திருந்த வேலையில், முதல் ஆள் வெளியே வந்து ஒரு நாள் முடிவதற்குள் முப்பத்துமூன்றாம் ஆளும் வந்துவிட்டார்.