தத்தெடுத்த குழந்தையிடம் பிறப்பு வரலாற்றைச் சொல்லுதல்: பெற்றோருக்கான விளக்கம்

வள்ளியூர் போன்ற ஊர்களில் ஒரு குழந்தை தத்தெடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கும். அறியாதது அந்தக் குழந்தை மட்டுமே. ஒரு கல்யாண வீட்டிலோ சொத்துத் தகராறிலோ வேறொருவர் வாய்வழியாக அது தெரியவரும்போது, இத்தனை ஆண்டுகள் தன்னிடம் மறைத்தார்கள் என்ற எண்ணமே பிள்ளையை மிகவும் வருத்துகிறது. ஆகவே இதனை முதலில் சொல்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

“விவரம் தெரிந்த பிறகு சொல்லலாம்” என ஒத்திப்போட வேண்டாம். மூன்று, நான்கு வயதிலேயே, “நீ இன்னொரு அம்மா வயிற்றில் பிறந்தாய், எங்களுக்குப் பிள்ளையாக வந்தாய்” என்ற அளவில் உங்கள் வீட்டுப் பேச்சுமொழியில் சொல்லத் தொடங்கலாம். ஒரே நாளில் அமர்த்திவைத்துச் சொல்லி முடிக்கும் செய்தி அன்று இது. வளர வளரத் திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருக்கும்.

ஏறத்தாழ ஆறு, ஏழு வயதிற்கு மேல், தன்னை ஒருவர் பிரிந்து சென்றதும் இக்கதையில் அடங்கியுள்ளது என்பதைக் குழந்தை உணரத் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்சின்ஸ்கி 1980-களில் செய்த ஆய்வுகள், தத்து பற்றிய புரிதல் வயதோடு படிப்படியாக வளர்வதைக் காட்டின. அதுவரை ஆர்வமாகக் கேட்ட பிள்ளை திடீரென மௌனமாகலாம், “என்னை ஏன் கொடுத்தார்கள்?” என்று கேட்கலாம். இதனை உங்கள் வளர்ப்பின் குறையாகக் கொள்ள வேண்டாம்.

விடை தெரியாத கேள்விகள்

தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், தம்மை வெளிப்படுத்திக்கொள்ளாமலே குழந்தையை ஒப்படைக்க இடமளித்தது. அவ்வாறு வந்த குழந்தையிடம், “அது எங்களுக்கும் தெரியாது” என்பதே நேர்மையான பதில். இறந்துவிட்டார்கள் என்று புனைந்து கூறாதீர்கள். பெற்றவர்களை இழித்தும் பேசாதீர்கள். அந்த இழிவைக் குழந்தை தன்மீதே ஏற்றிக்கொள்ளும்.

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்னும் கேலி நம் வீடுகளில் சாதாரணம். தத்துக் குழந்தை உள்ள வீட்டில் அதனை அடியோடு நிறுத்துங்கள். ஆச்சி, மாமா, சித்தி முதலிய உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

மருத்துவமனையில் குடும்ப நோய் வரலாறு கேட்கப்படும்போது, தத்தெடுத்த பெற்றோர் தங்களுடைய சர்க்கரை நோய், ஆஸ்துமா பற்றிக் கூறிவிடுவது உண்டு. அது சிகிச்சையைத் திசைதிருப்பக்கூடும். “தத்துப்பிள்ளை, பரம்பரை விவரம் தெரியாது” என்று தனியே சொன்னால் போதும். தத்தெடுத்தபோது வழங்கப்பட்ட மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும், குழந்தை பற்றிய ஆய்வறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

இரத்த வகையும் உண்மையை வெளிப்படுத்தக்கூடும். பெற்றோர் இருவரும் ஓ வகையாக இருக்க, பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையில் ஏபி என்று இருந்தால், மரபியல் பாடம் படிக்கும் வயதில் கேள்வி எழும். அதற்கு முன்பே பேசியிருப்பது நல்லது.

வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள்

இவர்களுள் பலருக்குச் சொந்த வீட்டின் நினைவு இருக்கும். அதனைப் பேச விடுங்கள். “இனி எப்போதும் இங்கேதான்” என்றோ, “அடுத்த மாதம் அம்மாவிடம் போய்விடலாம்” என்றோ வாக்களிக்காதீர்கள். முடிவு குழந்தைகள் நலக்குழுவுடையது. பழைய நிழற்படம், பொம்மை, உடுப்பு எதுவாயினும் குழந்தையிடமே இருக்கட்டும்.

பிறப்பைத் தேடும் உரிமை

2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்தவர் தம் பிறப்பு வேர்களை அறிய மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்திடம் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் தத்துப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் இத்தேடலில் ஈடுபட அனுமதி இல்லை. பெற்றவரின் தனியுரிமையும் காக்கப்படுவதால், எல்லா விவரங்களும் கிடைத்துவிடும் என்று பிள்ளைக்கு நம்பிக்கையூட்ட வேண்டாம். உறவினருக்குள் தத்தெடுத்த குடும்பங்களில் பெற்றவர் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். அங்கே இரு வீட்டாரும் ஒரே செய்தியைச் சொல்ல முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம்.

உதவி தேவைப்படும்போது

உண்மை தெரிந்தபின் உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல் போன்றவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அங்கிருந்து அனுப்பிவைக்கப்படுவீர்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகவோ சாகப்போவதாகவோ பிள்ளை பேசினால் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.