ஒரு சிடி, ரெண்டு நோட்டு, தொலைஞ்சு போன எழுத்து

இந்தத் தடவை வெறும் சாஃப்ட்வேர் டிப்ஸ் மட்டும் இல்லை, கொஞ்சம் வரலாறும் சேர்த்து. காரணம் எங்க பெரியப்பா.

பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆண்டாள் கோயில் தேரடிப் பக்கம் போய் உட்கார்ந்தால், ஊர்க்கதையா கொட்டுவார். அந்தக் கதைகளை ரெண்டு நீள நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். 2001-ல், அதை டைப் பண்ணி வைக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டிடிபி சென்டரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, மூணு மாசம் உட்கார்ந்து அடித்தேன். கொஞ்சத்தை வீட்டு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டேன். கடைசியில் எல்லாத்தையும் ஒரு சிடியில் எழுதி, பெரியப்பா கையில் கொடுத்ததும், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ளயாடா இருக்கு அம்புட்டும்?"னு கேட்டார்.

பெரியப்பா இப்போ இல்லை. நோட்டு ரெண்டையும் கரையான் தின்னுடுச்சு. போன மாசம் அவரோட பேத்தி ஃபோன் பண்ணி, "தாத்தா எழுதினது உங்ககிட்ட இருக்காமே, அனுப்புங்க சித்தப்பா"ன்னு கேட்டாள். இதோ அனுப்பறேன்னு சிடியைப் போட்டுத் திறந்தால்... தமிழே இல்லை! ஆங்கில எழுத்தும், தலையில் கொம்பு முளைத்த எழுத்தும், தலைகீழ்க் கேள்விக்குறியுமாக அறுபது பக்கத்துக்குக் குப்பை.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னால போகணும்.

அந்தக் கால கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துக்கு ஓர் எண். மொத்தம் 256 இடம்தான். முதல் பாதி ஆங்கிலத்துக்கு. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் மீதி இடத்தில் தமிழைக் குடிவைத்தார்கள்; சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். உதாரணத்துக்கு இலங்கைத் தமிழர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினி. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் வெறும் ஜேகேபிஓ!

இதில் ஒருத்தர் வைத்த இடத்தில் இன்னொருத்தர் வைக்கவில்லை என்பதுதான் வினை. டிடிபி கடைகளில் இருந்த காசு கொடுத்து வாங்கும் தமிழ் மென்பொருள்களில் சிலதுக்கு, கம்ப்யூட்டர் பின்னால் சொருகும் ஒரு பூட்டு வேறு உண்டு. அது இல்லாவிட்டால் அந்த மென்பொருளில் தமிழே அடிக்க முடியாது. பக்கத்தில் சிவகாசி இருந்ததால் எங்க பக்கம் டிடிபிக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாமல் ஃப்ளாப்பியும் கையுமாக அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு பக்கம், பத்துப் பைசா வாங்காமல் சிலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த கு.கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கினார். உலகம் பூரா இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். நாலாயிரத் திவ்யப் பிரபந்தமும் அதில் வந்தது. எங்க ஊர் ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழியும் அப்படித்தான் இணையத்துக்கு வந்து சேர்ந்தன.

குறியீட்டுக் குழப்பத்தைத் தீர்க்க இரண்டு முயற்சி நடந்தது. மின்னஞ்சல் வழியாகவே பல நாட்டுத் தமிழர்கள் பேசிப் பேசி உருவாக்கியது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக வந்தவை டேம், டேப் என்ற இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும். ஆக, ஒன்றுக்குப் பதில் மூணு ஆச்சு! :-)

உண்மையான தீர்வு ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தது. 1991-ல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் உண்டு. அதில் 'அ' என்றால் 2949. ஜப்பானில் திறந்தாலும் ராஜபாளையத்தில் திறந்தாலும் அதே 2949. ஆனால் விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு அது சாதாரண ஆள் கைக்கு வந்தது. எக்ஸ்பியில்கூட கண்ட்ரோல் பேனலுக்குள் போய், ஒரு கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி சிடியையும் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இதைச் செய்து கொடுக்கவே நான் சைக்கிளில் வீடு வீடாகப் போன காலம் உண்டு. கூலி: ஒரு டீ. ஸ்ரீவில்லிபுத்தூர் வீடென்றால் பால்கோவா.

எழுத்து தெரிந்தால் போதுமா, அடிக்கணுமே? முகுந்த்தும் 'தமிழா' குழுவும் எ-கலப்பை கொடுத்தார்கள். விசுவநாதனின் அழகி வந்தது. பிறகு நியூ ஹொரைசன் மீடியா என்எச்எம் ரைட்டரை இலவசமாகக் கொடுத்தது. பழைய கோப்பை யூனிகோடாக மாற்ற சுரதாவின் எழுத்துமாற்றி, என்எச்எம் கன்வர்ட்டர். 2005 ஏப்ரலில் மத்திய அரசே தமிழ் எழுத்துருக்களும் மென்பொருளும் அடங்கிய இலவச சிடி வெளியிட்டது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது.

மதுரைத் திட்டக்காரர்கள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கோப்புகளைப் புதுக் குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால் திருப்பாவை இன்றைக்கு ஃபோனில் படிக்கக் கிடைக்கிறது. நான் சிடியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதனால் பெரியப்பா குப்பையானார். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

சரி, மீட்ட கதைக்கு வருவோம். உங்க வீட்டிலும் இப்படி ஒரு சிடி இருக்கும், படிச்சு வச்சுக்கோங்க.

1. முதலில் சிடி. மெத்தென்ற பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்கணும். வட்டமாகத் துடைச்சா கீறல் தகவல் ஓடுற திசையிலேயே விழும், அப்புறம் படிக்காது. இப்போ வர்ற லேப்டாப்புல பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியில் சொருகும் டிரைவை இரவல் வாங்கினேன். மூணு கோப்பு தவிர எல்லாம் வந்துடுச்சு.

2. அந்த மூணும் பழைய கம்ப்யூட்டரில் இருக்கலாம்னு பரணிலிருந்து இறக்கினேன். ஆன் பண்ணினால் கீக் கீக் என்று கத்தல், திரையில் ஒன்றுமில்லை. பயப்படாதீங்க, பல நேரம் ரேம் சரியா உட்காராததுதான் காரணம். மின்சார ஒயரைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையைப் பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூசியை ஊதித் தள்ளிட்டு, ரெண்டு பக்கமும் கிளிப் மாட்டுற வரை அழுத்துங்க. எனக்கு உயிர் வந்துடுச்சு. தேதி மட்டும் தப்பாகக் காட்டியது; அதற்கு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். மூணில் ரெண்டு கோப்பு கிடைத்தது.

3. கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறந்தேன் (இலவசம்தான்). எழுத்துரு பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்க. கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். டேம், டேப், டிஎஸ்சி என்று பெயர் ஆரம்பித்தால் குறியீடு எதுன்னு தெரிஞ்சுடும். எனக்கு டேம். குப்பையாத் தெரியுதேன்னு வேற எழுத்துருவுக்கு மாத்தி சேமிச்சுடாதீங்க, இருந்த ஒரே தடயமும் போயிடும். நகல் எடுத்து அதில்தான் வேலை.

4. எழுத்துமாற்றியில் ஒட்டி மாற்றணும். 'கொ'வைப் பழைய கோப்பு கொம்பு, க, கால் என்ற வரிசையில் வைத்திருக்கும். யூனிகோடில் க-வுக்குத்தான் முதலிடம். இந்த வரிசையையும் மாற்றியே சரி செய்யும். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல் தொகுப்பிலும் இதற்கு வழி இருக்கிறது.

5. கடைசியில் கண்ணால் படித்துத் திருத்தணும். காலுக்குப் பதில் 'ர' அடித்த இடம், 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக அடித்த இடம், இதெல்லாம் எந்த மாற்றிக்கும் தெரியாது. எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. இருபது வருஷத்துக்கு முந்தி நான் அடிச்ச அடி அப்படி!

6. முடிந்ததும் யூனிகோடில் சாதாரண உரைக் கோப்பாகவும் ஒரு பிரதி வைங்க. ரெண்டு இடத்தில், ரெண்டு ஆளிடம். வருஷம் ஒருமுறை திறந்து பாருங்க. திறக்காமல் வைத்த கோப்பு இருக்குன்னு நம்பாதீங்க.

ஒரு கோப்பு போனது போனதுதான். என்ன கதை அதில் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மீதியைப் பேத்திக்கு அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன். எங்க ஆச்சி சின்னப் பிள்ளையில் ஆடிப்பூரத் தேர்க்கூட்டத்தில் காணாமல் போய், மறுநாள் ஒரு வளையல்காரர் வீட்டில் கை நிறைய வளையலோடு கிடைத்த கதையைப் படித்திருக்கிறாள். "சித்தப்பா, தாத்தா பேசுற மாதிரியே இருக்கு"ன்னாள்.

பின்குறிப்பு: அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமான்னு வீட்டில் கேக்குறாங்க. இன்னும் பதில் சொல்லலை.