மார்மைட்டில் தொடங்கிய மாத்திரை

1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் சோகை பிடித்து வெளிறிக் கிடப்பதைக் கண்டார். பலருக்குப் பிரசவத்தோடு உயிரும் போயிற்று. ஈரல் சாறு குணம் தரும், ஆனால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கரும்பழுப்புப் பசை அது; நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். சோதனைக் குரங்குகள் தேறின, பெண்களும் தேறினார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னை கோஷா மருத்துவமனையிலும் அவர் ஆய்வு நடந்தது. 1931இல் முடிவுகள் அச்சேறின.

பசையில் இருந்தது எது? 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் லெடர்லே நிறுவனத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

உடனே எல்லாவித சோகைக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கேதான் ஆபத்து தெரிந்தது. வைட்டமின் பி12 குறைவால் சோகை வந்தவர்களுக்கு ரத்தம் ஊறியது, முகம் தெளிந்தது. உள்ளுக்குள் நரம்புச் சிதைவோ நிற்கவில்லை. சிலருக்குக் கால் மரத்து நடை தடுமாறியது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததே நோயை மறைத்தது. இன்னோர் ஆபத்தும் வெளிப்பட்டது. பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது, நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்து நோயை அடக்குமா என்று யோசித்தார். சுப்பாராவின் ஆய்வகம் தந்த அத்தகைய மருந்தான அமினோப்டெரின், 1948இல் சில குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் தந்தது. புற்றுநோய் மருத்துவத்தில் அது பெரும் திருப்பம்.

ஃபோலிக் அமில மாத்திரையின் இன்னொரு பயன் உறுதிப்பட 1991 வரை ஆனது. முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையை முன்பே பெற்ற பெண்களிடம், 7 நாடுகளில் 33 மையங்களில் ஆய்வு நடந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 6 பேருக்கும் எடுக்காதவர்களில் 21 பேருக்கும் அதே குறை மீண்டும் வந்தது. பாதிப்பு 72 சதவீதம் குறைந்தது. இவ்வளவு தெளிவான பலன் தெரிந்தபின் மற்றவர்களுக்கு மாத்திரையை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

சிசுவின் தண்டுவடமாக வளரும் நரம்புக் குழாய், கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, இரும்புச்சத்து மாத்திரையோடு ஃபோலிக் அமிலத்தை வாங்கும் பெண்ணுக்கு அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். சோகைக்கு அது உதவும். குழந்தையின் தண்டுவடத்துக்கு உதவ வேண்டுமானால், கருத்தரிக்க எண்ணும்போதே மாத்திரை கையில் இருக்க வேண்டும்.