யப்பானில் பால்மரின் விரிவுரைகள்

பிறமொழி ஆசிரியர்க்குக் கற்பித்தல் முறை பற்றி விரிவுரை நிகழ்த்தும் வழக்கம் ஒரு நம்பிக்கையின்மேல் எழுந்ததாகும். ஆசிரியர் முறையை அறிந்துகொள்வாராயின் வகுப்பறை மாறிவிடும் என்பதே அந்நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதனை 1922 ஆம் ஆண்டுக்கும் 1936 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட யப்பானின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

ஹரல்ட் பால்மர் (1877–1949) பெல்ஜியத்தின் வேர்வியே நகரில் மொழி கற்பித்து அனுபவம் பெற்றவர். 1914 இற் போர் மூண்டதும் இங்கிலாந்து திரும்பி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலியியலறிஞர் டானியல் ஜோன்சின் ஆதரவில் விரிவுரையாளரானார். கல்வியாளர் சவயனாகி மசதாரோவின் அழைப்பின்பேரில் 1922 இல் தோக்கியோ சென்று, யப்பானியக் கல்வியமைச்சின் மொழி ஆலோசகராகப் பணியேற்றார். மறுவருடம் ஆங்கிலங் கற்பித்தல் ஆராய்ச்சி நிறுவனம் அவர் தலைமையில் தோன்றியது. அந்நிறுவனம் சஞ்சிகை ஒன்றை வெளியிட்டதோடு, 1924 தொடக்கம் ஆண்டுதோறும் ஆசிரியர் மகாநாடுகளையும் கூட்டியது.

பால்மர் ஆசிரியர்க்கு எடுத்துரைத்தது வாய்மொழி முறையாகும். எழுத்துக்கு முன் பேச்சு என்பது அதன் அடிப்படை. செவியால் நுணுகிக் கேட்டல், கேட்டதை அவ்வாறே ஒலித்தல், தடையின்றித் தொடர்ந்து சொல்லுதல், சொல்லைப் பொருளோடு இணைத்தல், ஒப்புமையாற் புது வாக்கியம் அமைத்தல் ஆகிய ஐந்து பழக்கங்களை மாணவரிடம் உருவாக்க வேண்டும் என்றார். கேட்டோர் இதனை மறுத்தனர் என்று கொள்வதற்கில்லை. அவர்தம் இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது.

யப்பானிய வகுப்பறையில் ஆங்கிலம் என்பது பெரும்பாலும் மொழிபெயர்த்துப் படித்தலே. சொல்லுக்குச் சொல் பொருள் கண்டு, வரிசை மாற்றித் தாய்மொழி வாக்கியமாக்கும் இம்முறை, சீன நூல்களைப் படிப்பதில் யப்பானியர் நெடுங்காலம் கையாண்ட வழக்கத்தோடு உறவுடையது. உயர்கல்வி நிலையங்களின் நுழைவுப் பரீட்சைகள் வேண்டியதும் இதனையே. மாணவனது எதிர்காலம் மொழிபெயர்ப்பு வினாத்தாளில் தங்கியிருக்கையில், பேச்சுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குமாறு கூறுவது ஆசிரியரைத் தம் மாணவருக்கு எதிராக நிறுத்துவதாகவே முடியும். பால்மர் ஆலோசகரேயன்றிப் பரீட்சையை மாற்றும் அதிகாரம் உடையவரல்லர். ஆகவே விரிவுரையைக் கேட்டுத் திரும்பிய ஆசிரியர் பழைய முறைக்கே மீண்டதைச் சோம்பல் என்றோ பழமைப்பற்று என்றோ இகழ்தல் நேர்மையாகாது.

மாற்றம் நிகழ்ந்த இடங்களும் உள. புக்குஷிமா, ஷோனான் நடுநிலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பால்மரின் கருத்துக்களைத் தத்தம் சூழலுக்கேற்ப இணக்கிச் செயற்படுத்தினர். முறையைத் தாமே கையாண்டு திருத்திய இவர்களது அனுபவம், மேடையிலிருந்து வந்த எந்த விரிவுரையையும்விடச் சக ஆசிரியர்க்கு நெருக்கமானது எனலாம்.

பால்மரின் கவனமும் காலப்போக்கில் வாசிப்புக்குரிய சொற்றொகுதியின்பாற் சென்றது. 1930 இற் சொற்றெரிவு பற்றியும், 1933 இற் சேர்ந்து வழங்குஞ் சொற்கள் பற்றியும் நிறுவன அறிக்கைகள் வெளிவந்தன. அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் ஏ. எஸ். ஹோன்பி. ஒயித்தாவில் ஆங்கிலங் கற்பித்துக்கொண்டிருந்த அவர், பின்னர் தோக்கியோவுக்கு வந்து பால்மருடன் இணைந்தார். 1936 இல் பால்மர் நாடு திரும்பியபின் ஆராய்ச்சியைத் தொடர்ந்த ஹோன்பியும் இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி 1942 இல், போரின் நடுவே, தோக்கியோவில் வெளியாயிற்று. 1948 இல் ஒக்ஸ்போட் அச்சகம் அதனை மறுபதிப்புச் செய்தது. இலங்கை மாணவர் பலர் பயன்படுத்திவரும் ஒக்ஸ்போட் கற்போர் அகராதி அதன் வழிவந்ததே.