தமிழறை காட்டும் வழி: சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாடவாரி வகைப்படுத்துதல்

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் பியட்டி ரோட்டில் சிண்டா என்று எல்லாரும் அழைக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இயங்குகிறது. பக்கத்திலேயே, பியட்டி லேனில், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பாடவேளை முடிந்தபின் புத்தகப்பையோடு இங்கே வந்து சேர்கிறார்கள். ஒரே வகுப்பில் பல பள்ளிகளின் சீருடைகள் தெரியும். பெயர்பெற்ற பள்ளியின் பிள்ளையும் அக்கம்பக்கப் பள்ளியின் பிள்ளையும் ஒரே கட்டுரைத் தலைப்பில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் காட்சியில் சிங்கப்பூர்க் கல்விமுறை முழுவதற்குமான ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களையே தரம் பிரித்துவந்த அந்த முறை, இப்போது பாடங்களைத் தரம் பிரிக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைவு என்ற நெருக்கடியால் தமிழ் வகுப்பு இந்த வழியில் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது. அதன் அனுபவத்தை மற்றப் பாடங்களுக்கும் கொண்டுசென்றால்தான் புதிய சீர்திருத்தம் முழுப்பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தரம் பிரித்தல் ஏன் வந்தது என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1979-இல் கோ கெங் சுவீ தலைமையிலான குழு கல்வி அமைச்சைப் பற்றி அறிக்கை அளித்தபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஒரே பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தனர். வீட்டில் பேசாத இரண்டு மொழிகளைப் பள்ளியில் கற்கவேண்டிய நிலையில் பலர் திணறினர். ஒவ்வோர் ஆண்டுப் பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பள்ளிப் படிப்பை முடிக்காமலே நின்றுவிட்டனர். வெவ்வேறு வேகத்துக்கு வெவ்வேறு பிரிவுகள் என்ற ஏற்பாடு அதற்கு மருந்தாக வந்தது. அது வேலையும் செய்தது. இன்று இடைநிற்போர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, 1994-இல் சேர்ந்த வழக்கநிலைத் தொழில்நுட்பம் ஆகிய பிரிவுகளும், 1992-இல் அமைந்த தொழில்நுட்பக் கல்விக் கழகமும் இந்தச் சாதனையில் பங்குடையவை.

ஆனால் மருந்துக்குப் பக்கவிளைவு இருந்தது. தொடக்கப்பள்ளியில் மெதுவாகக் கற்போருக்கான இஎம்3 பிரிவுக்குப் போன பிள்ளைக்குப் பாடம் எளிதானது, பெயர் சுமையானது. 2002-இல் ஜாக் நியோ இயக்கிய ‘ஐ நாட் ஸ்டுப்பிட்’ திரைப்படம் அத்தகைய மூன்று சிறுவர்களின் கதையைச் சொன்னபோது நாடே பேசியது. 2008-இல் இஎம்3 கைவிடப்பட்டது. அதன் இடத்தில் தொடக்கப்பள்ளிகளுக்குப் பாட அடிப்படையிலான வகைப்படுத்துதல் வந்தது.

உயர்நிலைப்பள்ளிகளில் இந்த மாற்றம் மெதுவாக நடந்தது. 2014-இல் 12 பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கி, 2018-இல் வழக்கநிலைப் பிரிவுகள் உள்ள எல்லா உயர்நிலைப்பள்ளிகளுக்கும் விரிந்தது. தனக்குக் கைவந்த பாடத்தை மட்டும் மேல்நிலையில் படிக்க வழக்கநிலை மாணவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 2019 மார்ச்சில் அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங், பிரிவுகளே இனி இருக்காது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என ஏறுவரிசையில் அமைந்த மூன்று நிலைகளில் ஒன்றில் படிக்கிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, குடியியல் போன்ற பாடங்களில் எல்லாரும் கலந்தே அமர்கிறார்கள். பாடநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கழிகிறது.

தமிழ் மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தாய்மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் அவர்கள் தங்கள் வகுப்புகளை விட்டு எழுந்து தமிழறைக்குப் போவது நெடுநாள் வழக்கம். இரண்டு மூன்று வகுப்புகளின் பிள்ளைகள் அங்கே ஒன்றுசேர்கிறார்கள். கணிதத்தில் பின்தங்கிய ஒரு மாணவி அங்கே வகுப்பின் சிறந்த பேச்சாளராக இருக்கலாம். அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்குபவர் உயிர்மெய் எழுத்துகளில் தடுமாறலாம். உயர்தமிழ், தமிழ், அடிப்படைத் தமிழ், எளிமையாக்கிய ‘பி’ பாடத்திட்டம் என்ற நிலைகள் ஒருவரின் தமிழைக் குறிப்பவை. ஆளைக் குறிப்பவை அல்ல.

இந்தியச் சமூகம் கூடுதல் உதவியின் தேவையையும் முன்பே உணர்ந்திருந்தது. இந்திய மாணவர்களின் தேர்ச்சி பின்தங்கியிருப்பதை ஆராய்ந்த நடவடிக்கைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1991-இல் சிண்டா பிறந்தது. இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாகச் சேரும் சிறு தொகைகள் அதன் துணைப்பாட வகுப்புகளைத் தாங்குகின்றன. ஒரு பாடத்தில் தளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் மட்டும் கைகொடுப்பது என்ற எண்ணம் அதன் தொடக்கத்திலிருந்தே உண்டு.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு கேள்விகள் எழும். கலப்பு வகுப்பில் வேகமாகக் கற்பவர் தேங்கிவிட மாட்டாரா என்பது ஒன்று. மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நிலைகள் நீடிப்பதால் அந்த அச்சத்துக்கு இடம் குறைவு; 1979-க்கு முந்தைய ஒரே அச்சு முறைக்கு யாரும் திரும்பவில்லை. இரண்டாவது கேள்வி கடினமானது. பெயர் மாறினாலும் ஜி1 என்பதே புதிய முத்திரையாகிவிடாதா? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே இன்றும் ஒருவரின் தொடக்க நிலையைத் தீர்மானிக்கிறது. 2021-இல் மற்றவர்களோடு ஒப்பிடும் பழைய டி-ஸ்கோர் போய், ஒருவரின் சொந்தத் தேர்ச்சியைக் காட்டும் அடைவுநிலைகள் வந்தது நல்ல மாற்றம். ஆனால் தேர்வுக்கு முன்பான போட்டி தணியவில்லை. குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி 2023-இல் துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் செலவிட்ட தொகை 180 கோடி வெள்ளி. 2017-18-இல் அது 140 கோடி. கட்டணம் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மேல்நிலையை எட்டும் வாய்ப்புக் கூடுகிறது. முத்திரை மீண்டும் வந்தால் இந்த வழியாகத்தான் வரும்.

அதைத் தடுக்கத் தமிழறையின் அனுபவம் மூன்று யோசனைகளைத் தருகிறது.

முதலாவது, உதவி முன்கூட்டியே, பள்ளிக்குள்ளேயே கிடைக்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் திணறும் தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்குச் சிறு குழுக்களில் பாடம் நடத்தும் கற்றல் ஆதரவுத் திட்டம் 1992 முதல் இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தடுமாற்றமும் தெரியும். தமிழுக்கு இது இன்று கூடுதல் அவசியம். சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னோர் 2010-இல் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. பல பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டு மொழியாக இல்லாமல் பள்ளி மொழியாகவே அறிமுகமாகிறது. பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரும்படி 2005-இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது இந்த உண்மையை அறிந்துதான்.

இரண்டாவது, நிலை மாறுவது எளிதாக வேண்டும். ஜி2-இலிருந்து ஜி3-க்கு ஏற விரும்பும் மாணவருக்கு இடையிலுள்ள பாடப்பகுதிகளை நிரப்பும் இணைப்பு வகுப்பைப் பள்ளியே நடத்த வேண்டும். இல்லையென்றால் அந்த இடைவெளியைத் தனியார் நிலையங்கள் காசுக்கு நிரப்பும். சிண்டா போன்ற அமைப்புகள் தங்கள் வகுப்புகளை இந்த ஏற்றத்துக்காகவே திட்டமிடலாம்.

மூன்றாவது ஆசிரியரைப் பற்றியது. மாணவர் குறைவான பள்ளியில் வெவ்வேறு நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் தமிழாசிரியர், ஒரே பனுவலை ஒருவருக்கு வாசிப்பாகவும் இன்னொருவருக்கு விவாதமாகவும் மாற்றத் தெரிந்தவர். இந்தக் கைத்திறன் இன்று கலப்பு வகுப்பு நடத்தும் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் தேவை. தேசியக் கல்விக் கழகப் பயிற்சியில் தமிழாசிரியர்கள் மற்றப் பாடத்தாருக்கு வழிகாட்டும் வாய்ப்பு உருவாக வேண்டும். அதற்கு ஈடாக அவர்களின் பாடவேளைகளும் குறைய வேண்டும்.

2024-இல் சேர்ந்த பிரிவினர் 2027-இல் புதிய சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழுக்கான தேர்வை எழுதுவார்கள். ஒவ்வொரு பாடமும் எந்த நிலையில் படிக்கப்பட்டது என்பதை அந்த ஒரே சான்றிதழ் காட்டும். தேர்ச்சி விழுக்காட்டோடு இன்னொரு கணக்கையும் கல்வி அமைச்சு அப்போது வெளியிட வேண்டும்: உயர்நிலை ஒன்றில் ஜி1, ஜி2-இல் தொடங்கியவர்களில் எத்தனை பேர், எந்தெந்தப் பாடத்தில், நான்கு ஆண்டுகளுக்குள் மேலே ஏறினார்கள், அவர்களில் எத்தனை பேர் கட்டண உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகள்? பள்ளிவாரியாக இல்லாவிட்டாலும் பாடவாரியாகவாவது அது வெளிவந்தால், இணைப்பு வகுப்புகளும் ஆசிரியர்களும் எந்தப் பாடத்துக்கு முதலில் தேவை என்பது அடுத்த திட்டமிடலுக்கு முன்பே தெரிந்துவிடும்.