ஒன்பதில் ஒன்று

பழைய ரேஸ் சைக்கிள் பட்டறைக்கு வந்தால், பின்சக்கரத்தின் ஆகச் சிறிய பல்சக்கரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மரையில் திருகி நின்றால் யூனிகிளைடு. ஜப்பானின் ஷிமானோ 1978இல் டியூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்த கேசட் ஹப்பின் வம்சம். பல்சக்கரங்கள் மாட்டும் ஹப்பின் ஒன்பது மேடுகளும் ஒரே அளவு என்பதால், தேய்ந்த பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டும் ஓட்டலாம். கஞ்சனுக்கேற்ற ஏற்பாடு!

1980களின் கடைசியில் ஷிமானோவின் அடுத்த ஏற்பாடான ஹைப்பர்கிளைடு வந்தது. செயின் வழுக்கிக்கொண்டு மாற, பல்சக்கரங்கள் குறித்த கோணத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஒன்பது மேடுகளில் ஒன்றின் அகலத்தை மட்டும் மாற்றினார்கள். பழையதும் புதியதும் பொருந்தாமல் போயின.

ஆனால் அரம் இருக்கிறதே! புதுப் பல்சக்கரத்தில் இடிக்கும் நாக்கை ராவினால் பழைய ஹப்பில் ஏறிவிடும். சிறியது மட்டும் பழைய மரைச்சக்கரமாகவே இருக்கவேண்டும்; பல்சக்கரங்களை இறுக்கும் லாக்ரிங் போட பழைய ஹப்பில் பெரும்பாலும் உள்மரை கிடையாது. அந்த மரைச்சக்கரத்தைக் கழற்ற, செயின் துண்டு மாட்டிய பிடிகளான செயின் சாட்டைகள் இரண்டு வேண்டும்.